மூணு வெட்டு போட்ட ஷீட்டு

கும்மிடிப்பூண்டி
16-6-2024

அன்புள்ள ராபின் அண்ணனுக்கு, தங்கச்சி ஸ்நேகா எழுதிக்கிறது. ஆண்டவர் கிருபையில நான், அவரு, அத்தை எல்லாரும் சௌக்கியம். நீ சௌக்கியமா? சுகர் மாத்திரய வேளைக்குப் போடறியா?

பத்து வருஷம் கழிச்சி ஸ்லேட்டும் ஊசியும் எடுத்து பிரெயில் குத்துறேன். நாலு புள்ளி தப்பா உழுந்திருந்தா திட்டாத. சின்னதுல உன் ஹாஸ்டல் பாடத்தையெல்லாம் நான்தானே குத்திக் குடுத்தேன், கை மறக்கல. போன்ல பேசலாம்தான். ஆனா இங்க இருக்கறது ஒரே ரூம்பு, நான் ஹலோன்னு சொன்னா அத்தை டீவி சவுண்ட கொறைக்குது. வாட்ஸப்புல டைப் பண்ணா உன் போன் அத தெருவுக்கே படிச்சிக் காட்டுது. இது ஒண்ணுதான் நீயும் நானும் மட்டும் படிக்கிறது. பிரெயில் லெட்டருக்கு ஸ்டாம்பு கூட ஒட்ட வேணாமாம், போஸ்டாபீஸ்ல கேட்டுக்கினேன்.

அம்மாவோட நாப்பதாம் நாள் ஜெபத்துல பெரியண்ணன் பேசினத நெனச்சா இன்னும் வயிறு எரியுது. கண்ணு தெரியாதவன தனியா உட முடியாது, திருவள்ளூர் ஹோம்ல சேத்துடறேன்னு இம்மானுவேல் அண்ணன் சொல்றாரு, நீ செவுத்தப் புடிச்சிக்கினு நிக்கிற. நீயே சமைச்சிக் காட்டினா கடம்பத்தூர் ஊட்டுலயே இருக்கலாம், கிறிஸ்துமஸ் வரிக்கும் டைம்னு சொல்லிட்டு கேஸ் சிலிண்டரையும் தூக்கினு போய்ட்டாரு. இனிமே எல்லாம் நான் கொணாந்த இண்டக்ஷன் அடுப்புலதான்.

எங்க அடுப்புக் கம்பெனில திருகுற மாடல் நிறுத்திட்டாங்க. இப்ப எல்லாம் வழவழன்னு இருக்கு, தொட்டா வேல செய்யும், தடவிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் கல்லுப் பொட்டு ஒட்டிட்டு வந்தேன். பட்டன் மேல ஒட்டல, மேல ஒட்டினா நீ தேடும்போதே ஆன் ஆயிடும். பட்டனுக்குக் கீழ பாரு. ஆன் கீழ ஒண்ணு, ஆஃப் கீழ ரெண்டு. தண்ணி வெச்சிப் பழகு, அப்பறம் சோறு வடி.

உன் தங்கச்சி,
ஸ்நேகா


கடம்பத்தூர்
30-6-2024

அன்புத் தங்கச்சி ஸ்நேகாவுக்கு, ராபின் அண்ணன் ஆசீர்வாதம். நான் நல்லாகீறேன். மாப்ள விமலயும் உங்க அத்தையயும் கேட்டதா சொல்லு.

இன்னா பாப்பா லெட்டர் இது, எறும்பு ஊர்ற மாதிரி குத்திக்கீற! கம்பெனில சோறு போடறாங்களா இல்லியா? ஒரு பக்கம் படிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. அடுத்த வாட்டி கெட்டி பேப்பர்ல நல்லா அழுத்திக் குத்து.

அரக்கோணம் ட்ரெயின்ல வியாபாரம் சுமாரா ஓடுது. சார்ஜர் ஒயர், இயர்போன்தான் போவுது. போன வாரம் ஒரு கூத்து. ஸ்டேஷன்லேர்ந்து ஊடு வந்து சேந்தா, ஒரு கால்ல செருப்பு இல்ல. எங்க கழண்டுச்சோ தெரியாது. பக்கத்தூட்டு அஞ்சம்மாள் அக்கா சொன்னப்பறம்தான் எனக்கே தெரியுது. தண்டவாளக் கல்லு மேல அத்தினி தூரம் ராஜா மாதிரி நடந்து வந்துகீறேன், போ.

பொட்டு விஷயம். கைக்கு சரியா சிக்கல. இன்னும் கொஞ்சம் உசரமா எதுனா இருந்தா பரவால்ல. மத்தபடி சமையல் ஜோரு.

அண்ணன் ராபின்


கும்மிடிப்பூண்டி
14-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு, இங்க எல்லாரும் நலம். உன் உடம்பு எப்டி இருக்கு? புதுச் செருப்பு வாங்கினியா?

துரைக்கு எறும்பு ஊருதாமே. இந்தா, போன வருஷக் காலண்டர் அட்டைல குத்தியிருக்கேன். கட்டவெரல்ல கொப்புளம் வந்துடுச்சு. இதுவும் பத்தலன்னா நேர்ல வந்து உன் முதுகுலதான் குத்தணும்.

பைப்பு ஓட்டைய அடைக்கிற எம்சீல் வாங்கி அனுப்பியிருக்கேன். அஞ்சம்மாள் அக்காகிட்ட போன்ல சொல்லிட்டேன், பொட்ட எடுத்துட்டு அதே எடத்துல உருட்டி ஒட்டிக் குடுக்கும்.

இன்னொண்ணு. எங்க டிசைன் செக்ஷன்ல துளசிராமன் சார்னு ஒருத்தரு. லைன்ல வந்து நின்னாரு. சார், அடுப்பு பட்டன் மேல ஒட்டற இந்த ஷீட்டு அடிக்கும்போதே நாலு புள்ளி மேடா அடிக்க முடியாதான்னு கேட்டுட்டேன். எதுக்கும்மான்னாரு. எங்க அண்ணனுக்குக் கண்ணு தெரியாதுன்னேன். உங்க அண்ணனுக்காக எல்லா அடுப்பையும் மாத்தணுமான்னு சிரிக்கிறாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. ஊருல எங்கண்ணன் ஒருத்தர்தான் கண்ணு தெரியாதவரா சார்னு கேட்டேன். காண்ட்ராக்டு ஆளு நானு, வேல போயிருக்கும். அவரு திரும்பிப் போய்ட்டாரு. நான் உடறதா இல்ல.

ஸ்நேகா


கடம்பத்தூர்
4-8-2024

அன்புத் தங்கச்சிக்கு, நான் நல்லாகீறேன். நீயும் உன் ஊட்டுக்காரரும் நல்லா இருக்க ஜெபம் பண்றேன்.

எம்சீல் ஒட்டியாச்சு. சூப்பரா கீது, இனிமே அதப் பத்திக் கவலப்படாத. காலைல உப்மா, ராத்திரி சோறு, நாஷ்டாவுக்குக் கடைக்கே போறதில்ல. பெரியண்ணன் வேப்பம்பட்டுலேர்ந்து போன வாரம் திடீர்னு வந்தாரு. சோத்தப் பாத்துட்டு ஒக்காந்து சாப்ட்டுப் போனாரு.

ட்ரெயினுக்குக் கொஞ்ச நாள் போவல. ஒரே பேஜாரு. ரெண்டு பேருக்கு ஒயர மாத்திக் குடுத்துட்டேன், ஒருத்தன் கத்தறான். இத்தினி வருஷத்துல எந்த முனை எந்த போனுக்குன்னு ஒரு வாட்டி தப்பினதில்ல. மழக்காலம் முடியட்டும், அப்பறம் போவலாம்னு கீறேன்.

அந்த சார்கிட்ட வாயக் கொடுக்காத பாப்பா. வேல முக்கியம்.

அண்ணன் ராபின்


கும்மிடிப்பூண்டி
25-8-2024

அண்ணா,

நீ சௌக்கியமா. நான் இருக்கேன்.

இத யார்கிட்டயும் சொல்லல. அவருக்குக் கூடத் தெரியாது. மூணு மாசம் முடியட்டும், அப்பறம் ஊட்டுல சொல்லிக்கலாம்னு இருந்தேன். கம்பெனில தெரிஞ்சா காண்ட்ராக்ட முடிச்சிடுவாங்க. தீபாவளி ஆர்டருக்கு பன்னெண்டு மணி நேரம் நிக்க வெச்சாங்க, நின்னேன். செவ்வாய்க்கெழம மத்தியானம் வயிறு இழுத்துப் புடிச்சுது. பாத்ரூம் போனேன். போய்டுச்சுண்ணா.

முகத்தக் கழுவிக்கினு திரும்ப வந்து லைன்ல நின்னேன். சாயங்காலம் வரிக்கும் ஷீட்டு ஒட்டினேன். கல்யாணம் ஆகி ஆறு வருஷம். அம்மா இருந்தா அம்மாகிட்ட சொல்லியிருப்பேன். இப்ப உன்ன உட்டா யாரு இருக்காங்க.

போன்ல இதப் பத்திப் பேசாத, அத்தை இருக்கும். நீ ஒரு வார்த்த குத்தி அனுப்பு, போதும்.

ஸ்நேகா


கடம்பத்தூர்
15-9-2024

அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் ஆசீர்வாதம். நான் நல்லாகீறேன்.

உன் லெட்டர் கெடச்சுது. படிச்சி ரொம்ப சந்தோசம். எப்பவும் இதே மாதிரி சந்தோசமா இருக்கணும்.

இங்க மழ இல்ல, புழுக்கம்தான். அஞ்சம்மாள் அக்கா பொண்ணுக்கு ஆவணில கல்யாணம் நடந்துச்சு, அத்தினி பேருக்கும் பிரியாணி. நானும் போய் ரெண்டு ரவுண்டு கட்டினேன். சுகருக்கு நல்லதில்லன்னு திட்டாத. அடுப்பு ஜோரா ஓடுது. கிறிஸ்துமஸுக்கு நீ வந்தா நானே கோழிக்கொழம்பு வெச்சிப் போடறேன், பாரு.

மாப்ளயக் கேட்டதா சொல்லு.

அண்ணன் ராபின்


கும்மிடிப்பூண்டி
6-10-2024

அண்ணனுக்கு, நலம். நலமா?

நீ சந்தோசப்பட்டத படிச்சேன். மூணு வாரமா உனக்கு எழுதவே கூடாதுன்னு இருந்தேன். ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாதுன்னு உட்டுட்டேன். அத உடு. போன லெட்டர்ல ரெண்டு வரி ஒண்ணு மேல ஒண்ணு குத்தியிருக்க. எழுதறதுக்கும் சோம்பல் வந்துடுச்சு போல.

வேல விஷயம் மட்டும் சொல்றேன். வெளிநாட்டு ஆர்டர்காரங்க கண்ணு தெரியாதவங்களுக்கு இன்னா வசதி இருக்குதுன்னு கேட்டுட்டாங்களாம். துளசிராமன் சார் அவராவே வந்து என்னத் தேடினாரு. மேட்டுப் புள்ளி வெச்சி சாம்பிள் அடிச்சிட்டோம், உங்க அண்ணனையே தடவிப் பாத்து சொல்லச் சொல்லுன்னாரு. அவரு எது நல்லாருக்குன்னு சொல்றாரோ அதத்தான் மொத்த மாடலுக்கும் அடிக்கப் போறோம்னு சொல்லிட்டாரு. மூணு ஷீட்டு இதோட வெச்சிருக்கேன். ஓரத்துல ஒரு வெட்டு, ரெண்டு வெட்டு, மூணு வெட்டுன்னு பெருசா வெட்டியிருக்கேன். போன்லயும் சொல்றேன். நிதானமா தடவிப் பாத்து நெஜத்தச் சொல்லு.

ஸ்நேகா


கடம்பத்தூர்
20-10-2024

அன்புத் தங்கச்சிக்கு, நல்லாகீறேன். உன் கொரல் போன்ல ஏன் கம்மிப் போயிருந்துச்சு? உடம்பப் பாத்துக்க.

ஷீட்டு மூணும் வந்துச்சு. ரெண்டு நாள் ஒக்காந்து தடவிப் பாத்தேன். ஒரு வெட்டு சுமார். ரெண்டு வெட்டு பரவால்ல. மூணு வெட்டு போட்டது கீதே, அதான் டாப்பு! வெரல வெச்ச ஒடனே புள்ளி புள்ளியா சிக்குது, கண்ணு இருக்கறவன் கூட கண்ண மூடிக்கினு சமைக்கலாம். உங்க சார்கிட்ட அடிச்சிச் சொல்லு, ராபின் பாஸ் பண்ணிட்டான்னு.

என் தங்கச்சி ஒருத்தி நின்னு கேட்டதால ஊருல எத்தினி பேரு சமைக்கப் போறாங்க. அம்மா இருந்தா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சிருக்கும்.

அண்ணன் ராபின்


கும்மிடிப்பூண்டி
3-11-2024

அண்ணா,

மூணு வெட்டு போட்ட ஷீட்டுல புள்ளியே இல்ல.

எங்க லைன்ல எந்த டெஸ்டு வெச்சாலும் ஒண்ணும் அடிக்காத மொட்ட பீஸ் ஒண்ணு கலந்து வெப்போம். பாக்காமலே தலையாட்டறவன் எவன்னு தெரியறதுக்கு. எப்பவும் செய்யறது, கை பழக்கத்துல செஞ்சேன். உனக்குன்னு கண்ணி வெக்கலண்ணா, சத்தியமா இல்ல.

நீ எழுதின எல்லா லெட்டரையும் எடுத்துப் பாய்ல பரப்பி வெச்சேன். கெட்டியா குத்துன்னது. செருப்பு கழண்டது தெரியாதது. ஒயரு மாறினது. வரி மேல வரி. இத்தினியும் கண்ணு முன்னால இருந்திருக்கு. பள்ளிக்கூடத்துல உன் வெரலு மாதிரி வேகமா படிக்கிற வெரலு இல்லன்னு மாஸ்டர் சொல்வாரே, அந்தத் திமிர்ல நான் யோசிக்கவே இல்ல. புள்ளிய உசத்திக்கினே இருந்தேன்.

ஆகஸ்ட் மாசம் எழுதினத நீ படிக்கவே இல்ல. சந்தோசம்னு சும்மா எழுதிட்ட. அதுக்கு உன்ன எவ்ளோ வெறுத்தேன் தெரியுமா? மன்னிச்சிடுண்ணா.

இதையும் உன்னால படிக்க முடியாது. தெரிஞ்சேதான் குத்துறேன். வேற யாருகிட்ட சொல்றது. அடுத்த ஞாயித்துக்கெழம லீவு சொல்லிட்டு வர்றேன்.

ஸ்நேகா


ஹோம், திருவள்ளூர்
17-11-2024

அன்புத் தங்கச்சி ஸ்நேகாவுக்கு, ஆசீர்வாதம். நான் இங்க சேந்து நாலு நாள் ஆவுது. வேளைக்கு சோறு போடறாங்க. குத்தினத தடவிப் பாக்க முடியாது, எழுத்து எங்க போவுதோ தெரியாது. நீ கண்ணால பாத்துக் கூட்டிப் படிச்சிக்க.

நீ வந்த அன்னிக்குப் பெரியண்ணனும் வந்துட்டாரு, நம்ம ரெண்டு பேரும் ஒண்ணும் பேச முடியல. என் கையப் புடிச்சிக்கினு நீ அழுத. நீ கைய அழுத்தினியா இல்லியான்னு கூட எனக்குத் தெரியல பாப்பா. கண்ணீரு மணிக்கட்டுல உழுந்தப்பதான் தெரிஞ்சுது.

சுகர்ல நரம்பு செத்துப் போவுதுன்னு ஜனவரியிலயே டாக்டர் சொல்லிட்டாரு. முதல்ல காலு, அப்பறம் கை. அம்மாகிட்டயே சொல்லல. சொன்னா அன்னிக்கே ஹோம்தான். உன் முதல் லெட்டர் பாதி புரிஞ்சுது. ரெண்டாவதுல நாலஞ்சு வார்த்த. அதுக்கப்பறம் வெறும் அட்ட. நீ போன்ல சொன்னத வெச்சே பதில் குத்தினேன். அடுப்ப தெனம் ஆன் பண்ணிக் குடுத்தது அஞ்சம்மாள் அக்கா. பெரியண்ணன் சாப்ட்டது அவங்க வடிச்ச சோறு.

தலதீபாவளிக்குப் பொண்ணு மாப்ளயக் கூட்டியார அவங்க கெளம்பிப் போய்ட்டாங்க. நானே பண்ணிக்கலாம்னு பாத்தேன். எதையோ தொட்டேன், ஆன் ஆச்சு. கொஞ்ச நேரத்துல கருகின வாசன. சோறு தீயுதுன்னு நெனச்சேன். பாத்திரத்து மேல என் கைதான் இருந்துச்சு.

மூணு வெட்டுல புள்ளியே இல்லன்னு போன்ல சொன்னியே, அத நல்லாகீதுன்னு ஏன் சொன்னேன்னு கேப்ப. எல்லாமே ஒண்ணாதான் இருந்துச்சு. வெட்டு ஜாஸ்தியா இருக்கறதுலதான் புள்ளியும் உசரமா இருக்கும்னு நெனச்சி சொன்னேன். நீ ஜெயிக்கணும்னு ஆசப்பட்டேன், பாப்பா. வேற ஒண்ணும் இல்ல. நான் பாஸ் பண்ணத நம்பி அடிச்சிருந்தா எத்தினி பேரு கை வெந்திருக்கும்! அத நெனச்சாதான் தூக்கம் வர்றதில்ல.

ராபின்


கும்மிடிப்பூண்டி
8-12-2024

அன்புள்ள அண்ணனுக்கு, உன் கை புண்ணு ஆறிட்டு வருதுன்னு ஹோம் சிஸ்டர் போன்ல சொன்னாங்க, ஸ்தோத்திரம். இங்க எல்லாரும் நலம்.

இதப் படிக்க உன்னாலயும் முடியாது, அங்க வேற யாருக்கும் பிரெயில் தெரியாது. இருந்தாலும் ஞாயித்துக்கெழம ஆனா ஊசி தேடுது. அடுப்பு வர்ற பெட்டி அட்டைலதான் குத்தறேன், இதவிடக் கெட்டி கெடையாது.

துளசிராமன் சார்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன். எங்கண்ணன் கை செத்துப் போச்சு சார், அவரு சொன்னது செல்லாதுன்னேன். அவ்ளோதான், நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன். அவரு ஒக்காந்து யோசிச்சிட்டு வேற யாரையாச்சும் கூட்டிட்டு வான்னாரு. திருவள்ளூர்ல கிறிஸ்டினான்னு ஒருத்தங்க, கண்ணு தெரியாதவங்க, ரெண்டு புள்ளைக்குத் தனியா சமைச்சிப் போடறாங்க. மூணையும் தொட்டாங்க. மூணு வெட்ட எடுத்து இன்னா சார் விளையாடறீங்களான்னு தூக்கிப் போட்டாங்க. ரெண்டு வெட்டு பாஸ்.

முதல் பீஸுக்கு ஷீட்டு ஒட்டினது நான்தான். அத சார் எனக்கே குடுத்துட்டாரு. எங்க ஊட்டுக்காரரு வர்ற வாரம் அங்க கொணாந்து குடுப்பாரு. நீ அதுல சமைக்க மாட்ட. இருந்தாலும் அது உன்னுதுதான்.

ஸ்நேகா


ஹோம், திருவள்ளூர்
29-12-2024

என் தங்கச்சி ஸ்நேகாவுக்கு, கிறிஸ்துமஸ் வாழ்த்து பிந்தி வருது. நான் நல்லாகீறேன். நீ எப்டிகீற? நெஜமாவே கேக்கறேன்.

பண்டிக அன்னிக்கு புதுச் சட்ட குடுத்தாங்க. பட்டன் போட ரெண்டு கையும் வேணும். உன் பெட்டி அட்ட லெட்டர் கைல இருந்துச்சு, வாயில கவ்வினேன். உதட்டுல புள்ளி தட்டுப்பட்டுச்சு. முதல்ல புரியல. அப்பறம் மெதுவா நகத்தினேன். "அன்புள்ள அண்ணனுக்கு"ன்னு வந்துச்சு. நான் பட்டன் போடாம அப்டியே கட்டில்ல ஒக்காந்துட்டேன். ஆராதனைக்குக் கூப்ட வந்தாங்க, போவல. அட்டய முத்தம் குடுத்துக்கினு இருக்கான்னு ரூம்புல சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

பொட்டிலேர்ந்து எல்லாத்தையும் எடுத்தேன். ஜூன்லேர்ந்து ஒவ்வொண்ணா. ஒரு வரிக்கு அஞ்சு நிமிஷம் ஆவுது. முதுகுல குத்துவேன்னு எழுதினதப் படிச்சி சிரிச்சேன். நேத்து சாயங்காலம் ஆகஸ்ட் லெட்டர் முடிஞ்சுது.

நாலு மாசம் கழிச்சி வர்றேன் பாப்பா, உன் அண்ணன். நீ தனியா அந்த பாத்ரூம்ல நின்னுக்கினு இருந்திருக்க, நான் சந்தோசம்னு எழுதி அனுப்பிக்கீறேன். இந்தக் கை போனதுக்குக் கூட நான் அழுவல. நேத்து அழுதேன். மாப்ளகிட்ட சொல்லு, அவரு நல்ல மனுசன், தாங்கிக்குவாரு. இத நீ ஒருத்தியே தூக்கினு நடக்காத.

அடுப்பு வந்துச்சு. இங்க வெச்சிக்க உடமாட்டாங்க. ஆறின அடுப்புதானேன்னு குனிஞ்சி வாய வெச்சிப் பாத்தேன். ஆன் கீழ ஒண்ணு, ஆஃப் கீழ ரெண்டு. அருமையா கீது. இந்த வாட்டி பொய் இல்ல. அத கிறிஸ்டினாவுக்கே குடுத்துடு. ஊட்டுச் சாவி அஞ்சம்மாள் அக்காகிட்ட கீது, பெரியண்ணன வாங்கிக்கச் சொல்லு.

புள்ளைக்கு எதுனா பேரு நெனச்சி வெச்சிருந்தியா? எழுது. கெட்டி அட்ட வேணாம், உதட்ட அறுக்குது. முன்ன மாதிரி மெல்லிசு பேப்பர்லயே குத்து.

அண்ணன் ராபின்